சீலிங் லைட் மாற்றம்: கண்ணாடி டூமைக் கழற்றி எல்இடி பேனல் மாட்டும் வேலைப் பதிவு

1990களில் கட்டிய காங்கிரீட் வீடு. ஹால் நடுவே சீலிங்கில் ஒரு லைட் பாயின்ட். அதில் இரண்டு பித்தளை ஹோல்டர் கொண்ட வெள்ளைக் கண்ணாடி டூம். முதலில் தலா 60 வாட் குண்டு பல்பு இரண்டு எரிந்தது. பிறகு சிஎஃப்எல் வந்தது. இப்போது ஒரு ஹோல்டர் லூசாகி விட்டு விட்டு எரிகிறது. இதை எடுத்துவிட்டு 18 வாட் வட்ட எல்இடி சர்ஃபேஸ் பேனல் ஒன்றை மாட்ட வேண்டும். தமிழ்நாட்டில் அந்தக் காலத்தில் கட்டிய பெரும்பாலான வீடுகளுக்கு இந்த வேலை அப்படியே பொருந்தும்.

பேனல் மாட்டுவது அரை மணி நேர வேலை. சிரமம் அதில் இல்லை. சீலிங்கில் தொங்கும் அந்த இரண்டு மூன்று ஒயரில் உண்மையிலேயே மின்சாரம் இல்லை என்று உறுதி செய்வதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைத்து ஏறுகிறவர்கள்தான் ஷாக் வாங்குகிறார்கள். நம் வீடுகளில் சுவிட்ச் அணைந்திருந்தும் ஒயரில் மின்சாரம் இருக்க இரண்டு மூன்று வழி உண்டு. அதனால் இந்தப் பதிவில் பேனலைவிட மெயின், இன்வெர்ட்டர், மல்டிமீட்டர் பற்றிய பேச்சு அதிகம்.

இதை நாமே செய்யலாமா என்ற கேள்வி வரும். 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45ஆம் விதி, ஒயரிங் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும் என்றது. கூடவே பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச், ஃபிட்டிங் போன்றவற்றை, இணைப்பின் திறனும் தன்மையும் மாறாதபடி மாற்றுவதற்கு விலக்கும் கொடுத்தது. 2010இல் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறை வந்தபோதும் அந்த விலக்கு தொடர்ந்தது. ஆக, இருக்கும் பாயின்ட்டில் ஒரு லைட்டுக்குப் பதில் இன்னொன்று மாட்டலாம். புது பாயின்ட் இழுப்பது, பைப்பில் ஒயர் மாற்றுவது, தானாக அணையும் சுவிட்சுகள் (எம்சிபி) வரிசையாக இருக்கும் டிபி பாக்ஸில் கை வைப்பது எல்லாம் ஒயர்மேன் வேலை.

வாங்க வேண்டியது

பேனல் 18 வாட். இப்போதைய எல்இடி வாட்டுக்குச் சுமார் 100 லூமன் வெளிச்சம் தரும். பேனலின் பால் நிற மூடி கொஞ்சம் விழுங்கிவிடும் என்று வைத்தாலும் 1,600 லூமன் கிடைக்கும். 60 வாட் குண்டு பல்பு ஒன்று கொடுத்தது சுமார் 700 லூமன். எனவே 18 வாட் பேனல் பழைய இரண்டு பல்பை மிஞ்சிவிடும். நிறம் உங்கள் விருப்பம்: 6500 கெல்வின் டியூப்லைட் வெள்ளை, 3000 மஞ்சள், 4000 இடைப்பட்டது. உட்கார்ந்து டிவி பார்க்கும் ஹாலுக்கு 4000 கண்ணை உறுத்தாது. 6500தான் பளிச்சென்று இருக்கும் என்று கடைக்காரர் கையில் திணிப்பார்.

பெட்டியில் பார்க்க வேண்டியது மூன்று. ஒன்று, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு எண். ஆர் என்ற எழுத்தோடு தொடங்கி எட்டு இலக்கம் இருக்கும். நிலையாக மாட்டும் எல்இடி விளக்குக்கான தரம் ஐஎஸ் 10322. இரண்டு, வோல்டேஜ் வரம்பு. சாயங்காலம் 180க்கு இறங்கி நள்ளிரவில் 250க்கு ஏறும் தெருக்களில் 220-240 என்று மட்டும் போட்டிருக்கும் பேனல் நீடிக்காது. 100 முதல் 300 வோல்ட் வரை என்று போட்டதை எடுங்கள். மூன்று, சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி. இருந்தால் அது இரட்டை இன்சுலேஷன் உள்ளது, எர்த் தேவையில்லை. இல்லாமல் உடல் இரும்பாகவோ அலுமினியமாகவோ இருந்தால் எர்த் கொடுத்தே ஆக வேண்டும். பழைய வீடுகளின் லைட் பாயின்ட்டில் பெரும்பாலும் எர்த் ஒயரே வந்திருக்காது. அதனால் இந்த வேலைக்கு இரட்டைச் சதுரக் குறியுள்ள பிளாஸ்டிக் உடல் பேனல்தான் சரி. எர்த் இல்லையென்று எர்த் முனையை நியூட்ரலோடு (மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர்) சேர்த்து முறுக்கிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. எங்காவது நியூட்ரல் விட்டுப்போன நொடியில் பேனலின் உடல் முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும்.

மற்றவை: லீவர் கனெக்டர் (லீவரை மடக்கினால் ஒயரைப் பிடித்துக்கொள்ளும் இணைப்பான்) இரண்டு வழியில் இரண்டு, மூன்று வழியில் இரண்டு. 6 மில்லிமீட்டர் பிவிசி பிளக், 8ஆம் நம்பர் 35 மில்லிமீட்டர் ஸ்க்ரூ, தலா நான்கு. 1 சதுர மில்லிமீட்டர் எஃப்ஆர் (தீ எளிதில் பரவாத) ஒயர் சிவப்பிலும் கறுப்பிலும் அரை மீட்டர். இன்சுலேஷன் டேப். கருவிகளில் டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒயர் ஸ்ட்ரிப்பர், கட்டிங் பிளேயர், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், 6 மில்லிமீட்டர் கான்கிரீட் பிட்டுடன் ஹேமர் டிரில், கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி, தலையில் கட்டும் டார்ச். மெயினை அணைத்த பிறகு வெளிச்சம் இருக்காது; எனவே பகலில்தான் இந்த வேலை. பத்தடி சீலிங்குக்கு ஆறடி மடக்கு ஏணி போதும். மரம் அல்லது ஃபைபர் ஏணி நல்லது. பிளாஸ்டிக் ஸ்டூலை டைனிங் டேபிள் மேல் ஏற்றும் வித்தை வேண்டாம். ஷாக்கைவிட அதில் விழுந்து கை கால் உடைபடுவதுதான் சீக்கிரம் நடக்கும்.

மின்சாரத்தை நிறுத்துவது

இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் மெயினை அணைத்தால் எல்லாம் அணையும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்தவுடன் இன்வெர்ட்டர் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டை அனுப்ப ஆரம்பிக்கும். அது அனுப்பும் இடம் எது? ஹால் லைட், ஃபேன், பெட்ரூம் லைட். நாம் கை வைக்கப்போகும் அதே ஒயர்.

அப்படியானால் இன்வெர்ட்டரின் முன்பக்க பட்டனை மட்டும் அணைத்தால்? அதுவும் போதாது. பெரும்பாலான இன்வெர்ட்டரில் அந்தப் பட்டன் பேட்டரி வழியை மட்டுமே நிறுத்தும். ஈபி மின்சாரம் உள்ளே இருக்கும் ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் வழியாக நேரே போய்க்கொண்டிருக்கும். எனவே வரிசை இப்படி: முன்பக்க பட்டனை அணை, இன்வெர்ட்டரின் பிளக்கை சுவரிலிருந்து உருவு, இன்வெர்ட்டரிலிருந்து வீட்டு லைனுக்குப் போகும் பிளக்கையும் உருவு, கடைசியில் மெயின். வெளியே போகும் ஒயர் பிளக் இல்லாமல் நேரடியாக முறுக்கி இணைக்கப்பட்டிருந்தால் முன்பக்க பட்டனை அணைத்து, சுவர் பிளக்கை உருவி, மெயினையும் அணைத்துவிட்டு, மீட்டர் சோதனையை இரட்டிப்புக் கவனத்தோடு செய்யுங்கள். பேட்டரியோடு சேர்ந்த சோலார் இன்வெர்ட்டர் இருந்தாலும் இதே கதைதான்.

மெயின் என்பது மின்சாரம் வரும் பேஸ், திரும்பும் நியூட்ரல் இரண்டையும் வெட்டும் ஐசோலேட்டராகவோ, தரைக்கு மின்சாரம் கசிந்தால் தானே அணையும் ஆர்சிசிபியாகவோ இருக்க வேண்டும். டிபி பாக்ஸில் இருக்கும் ஒற்றை எம்சிபி பேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் அப்படியே இருக்கும். நியூட்ரலில் என்ன ஆபத்து என்பீர்கள். பழைய வீடுகளில் ஒரு அறையின் நியூட்ரலைப் பக்கத்து அறை கடன் வாங்கியிருக்கும். நீங்கள் சீலிங்கில் கறுப்பு ஒயர் முடிச்சைப் பிரிக்கிறீர்கள்; அந்த முடிச்சு வழியாகப் பக்கத்து அறையின் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், பிரித்த நொடியில் ஃபேன் பக்கத்து முனையில் முழு வோல்டேஜ் வந்து நிற்கும். எம்சிபி அணைந்துதான் இருக்கும், ஷாக்கும் அடிக்கும். அதனால்தான் ஒற்றை எம்சிபியை நம்பாமல் மெயினையே அணைக்கச் சொல்வது.

டிபி பாக்ஸே இல்லாமல் பீங்கான் ஃபியூஸ் உள்ள வீடு என்றால் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்து, ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எம்சிபி வீட்டில் லீவர் மேல் டேப் ஒட்டி ஒரு சீட்டு எழுதி வையுங்கள். கரண்ட் இல்லையே என்று வந்து மெயினைத் தூக்கிவிடுவது வீட்டிலிருப்பவர்கள்தான். த்ரீ பேஸ் வீட்டில் பேஸ் மாற்றும் திருகு சுவிட்ச் தனியாக இருக்கும். இந்த பேஸில் இல்லையென்றால் அடுத்த பேஸுக்குத் திருப்புவது எல்லோர் கைக்கும் பழக்கம். அதன் மேலும் டேப் ஒட்டுங்கள்.

செத்த ஒயர்தானா என்று பார்ப்பது

நியான் டெஸ்டரை இதற்கு நம்பக்கூடாது. அது எரிய உங்கள் உடல் வழியாகத் தரைக்கு மிகச் சிறிய மின்னோட்டம் போக வேண்டும். ரப்பர் செருப்போடு மர ஏணியில் நின்றால் மங்கலாக எரியும், வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. மறுபக்கம், பைப்புக்குள் பக்கத்தில் ஓடும் ஒயரின் தூண்டலாலேயே செத்த ஒயரிலும் லேசாக எரியும். இருக்கிறதை இல்லையென்றும் இல்லாததை இருக்கிறதென்றும் சொல்லும் கருவி.

மல்டிமீட்டரில் ஏசி 600 அல்லது 750 வோல்ட் வரம்பை வையுங்கள். மெயினை அணைப்பதற்கு முன்பே ஒரு த்ரீ பின் சாக்கெட்டில் வைத்துப் பாருங்கள்: பேஸ்-நியூட்ரல் 230ஐ ஒட்டி வர வேண்டும், பேஸ்-எர்த்தும் அதே அளவு வர வேண்டும். இரண்டாவது வந்தால் மீட்டர் நன்றாக இருக்கிறது, சாக்கெட்டின் எர்த்தும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அந்த எர்த் நமக்கு மேலே தேவைப்படும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பிளக்கை அந்தச் சாக்கெட்டில் செருகி பாக்ஸை ஏணி மேல் வரை இழுத்துக்கொள்ளுங்கள். மெயின் அணைந்த பிறகும் அதன் பெரிய துளையில் எர்த் இருக்கும். சீலிங்கில் எர்த் ஒயர் இல்லாத குறைக்கு இது நல்ல மாற்று.

இப்போது மெயினும் இன்வெர்ட்டரும் அணைந்தாயிற்று. டூமைத் தாங்கும் மூன்று பக்க ஸ்க்ரூவை ஒரு கையால் கண்ணாடியைத் தாங்கியபடி தளர்த்துங்கள். மூன்றில் ஒன்று துருப்பிடித்து இறுகியிருக்கும். அதை விட்டுவிட்டு மற்ற இரண்டை முழுதாகக் கழற்றினாலே கண்ணாடி சாய்ந்து வெளியே வரும். உள்ளே முப்பது வருடப் பூச்சியும் தூசியும் இருக்கும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். பல்பைக் கழற்றிக் கீழே கொடுத்துவிட்டு, ஃபிட்டிங்கின் அடித்தட்டு ஸ்க்ரூவை இளக்கி, ஒயரைத் தொடாமல் தட்டை இறக்குங்கள். கனெக்டரில் மீட்டர் முனைகளை வைத்து, சுவிட்ச் ஆன் நிலையிலும் ஆஃப் நிலையிலும், மூன்று ஜோடியையும் பாருங்கள்: இரண்டு ஒயருக்கு இடையே; முதல் ஒயருக்கும் எக்ஸ்டென்ஷன் எர்த்துக்கும்; இரண்டாவது ஒயருக்கும் எர்த்துக்கும். சுவிட்சை இரண்டு நிலையிலும் பார்க்கச் சொல்வது ஏனென்றால், சுவிட்ச் நியூட்ரலில் போடப்பட்டிருக்கும் வீடுகள் உண்டு.

எல்லாம் பூஜ்யம் அல்லது ஓரிரு வோல்ட் என்றால் சரி. 30, 60, 90 என்று ஏதாவது எண் ஆடிக்கொண்டிருந்தால்? மீட்டரின் உள் தடை 10 மெகா ஓம் அளவு என்பதால் தூண்டல் வோல்டேஜைக்கூட அது காட்டும். ஆனால் வீடு முழுக்க அணைந்திருக்கும்போது தூண்டல் வர வழியில்லை. அதனால் இங்கே அப்படி ஒரு எண் வந்தால் ஏதோ ஒரு மூலம் இன்னும் அணையவில்லை. இறங்கி இன்வெர்ட்டரைத் திரும்பப் பாருங்கள். மாடியில் வாடகைக்கு இருப்பவரின் ஈபி மீட்டரிலிருந்து கீழ்வீட்டுக்கு ஒரு ஒயர் வந்திருக்கும் வீடுகளும் இருக்கின்றன. மூலம் எது என்று பிடிபடாவிட்டால் அதோடு நிறுத்தி ஒயர்மேனைக் கூப்பிடுங்கள்.

பூஜ்யம் காட்டிய மீட்டரையும் ஒருமுறை சந்தேகப்பட வேண்டும். லீட் உள்ளே அறுந்திருந்தாலும் பூஜ்யம்தான் காட்டும். கன்டினியுட்டிக்கு (இணைப்பு அறுபடாமல் இருந்தால் பீப் அடிக்கும் நிலை) மாற்றி முனைகளை ஒன்றோடொன்று தொட்டு பீப் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மறுபடியும் ஏசி வோல்ட்டுக்கு மாற்றி ஒருமுறை அளந்துவிட்டுக் கை வையுங்கள்.

பாக்ஸுக்குள்

அடித்தட்டை விலக்கினால் சீலிங்கில் வட்டமான ஜங்ஷன் பாக்ஸ் தெரியும். எதையும் பிரிக்கும் முன் போனில் இரண்டு படம் எடுங்கள். சாதாரணமாக எதிர்பார்ப்பது இரண்டு ஒயர்: சுவிட்சிலிருந்து வரும் பேஸ், ஒரு நியூட்ரல். இந்த வீட்டில் இருந்தது நான்கு. ஒரு சிவப்பு, மூன்று கறுப்பு ஒன்றாக முறுக்கி, காய்ந்துபோன டேப் சுற்றியது. மூன்று கறுப்பில் ஒன்று போர்டிலிருந்து வரும் நியூட்ரல், ஒன்று ஃபிட்டிங்குக்குப் போன துண்டு, மூன்றாவது இங்கிருந்து ஃபேன் பாயின்ட்டுக்கு லூப் அடித்துப் போகிறது. இதைக் கவனிக்காமல் கறுப்பில் ஒன்றை மட்டும் பேனலுக்குக் கொடுத்து மற்றதை மடக்கி டேப் ஒட்டினால் லைட் எரியும், ஃபேன் ஓடாது. லைட் மாற்றியதும் ஃபேன் நின்றுவிட்டது என்ற புகாருக்கு அநேகமாக இதுதான் காரணம்.

நிறத்தையும் முழுதாக நம்ப முடியாது. முறைப்படி சிவப்பு, மஞ்சள், நீலம் பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஆனால் சிவப்புச் சுருள் தீர்ந்துபோனால் கையில் கிடைத்த கறுப்பையே சுவிட்சிலிருந்து சீலிங்குக்கு இழுத்துவிட்டுப் போயிருப்பார்கள். இரண்டுமே கறுப்பாக இருந்தால் கன்டினியுட்டி சோதனை உதவாது. வீட்டின் மற்ற பல்புகளும் ஃபேனும் நடுவில் புகுந்து குழப்பும். வழி இதுதான்: எல்லா முனையையும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கனெக்டர் போட்டு, ஒன்றையொன்று தொடாமல் வளைத்துவிட்டு ஏணியை விட்டு இறங்குங்கள். மெயினைப் போட்டு, சுவிட்சைப் போட்டு, மேலே ஏறி கனெக்டரின் சோதனைத் துளையில் மீட்டர் முனையை மட்டும் வைத்து எர்த்தோடு அளவெடுங்கள். ஆன் செய்யும்போது 230, ஆஃப் செய்யும்போது இறங்குவது சுவிட்ச் வழி பேஸ். அதில் டேப் சுற்றி அடையாளமிட்டு, மறுபடி மெயினும் இன்வெர்ட்டரும் அணைத்து, மறுபடி சோதித்து வேலையைத் தொடருங்கள். உயிருள்ள ஒயர் அருகே மீட்டர் பிடிக்கப் பழக்கமில்லாதவர்கள் இந்த ஒரு கட்டத்துக்காவது ஒயர்மேனை வரவழைப்பது நல்லது.

இந்தச் சோதனையில் ஃபேன், பக்கத்து அறை சுவிட்சுகளையும் அணைத்த பிறகு, லைட் சுவிட்ச் ஆஃப் நிலையிலும் ஏதாவது ஒரு ஒயரில் 230 நின்றால் அந்த பேஸ் சுவிட்சைத் தொடாமல் நேராக வருகிறது. சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறது. குண்டு பல்பு காலத்தில் இது வெளியே தெரிந்திருக்காது. எல்இடி மாட்டினால் ராத்திரி சுவிட்ச் அணைந்த பிறகும் மின்மினி மாதிரி மினுக்கிக்கொண்டே இருக்கும். சுவிட்ச் போர்டிலோ டிபியிலோ இடம் மாற்ற வேண்டும், அது ஒயர்மேன் வேலை. சீலிங்கில் இரண்டு ஒயரை மாற்றிப் போட்டால் தீராது.

அடுத்தது ஒயரின் உடம்பு. சாதாரண பிவிசி இன்சுலேஷன் 70 டிகிரி வரைதான் தாங்கும். மூடிய டூமுக்குள் இரண்டு 60 வாட் பல்பு வருடக்கணக்கில் எரிந்தால் சூடு அதைத் தாண்டும். அதனால் கடைசி இரண்டு மூன்று அங்குலம் காய்ந்து, வளைத்தால் பழைய அப்பளம் போல நொறுங்கி செம்பு தெரியும். நொறுங்கும் பகுதியை வெட்டித் தள்ளிவிட்டு வளையும் இடம் வரை போங்கள். மிஞ்சியது குட்டையாக இருந்தால் வாங்கி வைத்த 1 சதுர மில்லிமீட்டர் ஒயரை லீவர் கனெக்டரில் சேர்த்து நீட்டுங்கள். அந்தக் காலத்து 1/18, 3/22 ஒயர்கள் (முதல் எண் கம்பிகளின் எண்ணிக்கை, அடுத்தது கம்பியின் கேஜ்) இன்றைய கணக்கில் 1.2 சதுர மில்லிமீட்டரை ஒட்டியவை. பேனல் இழுப்பதோ 0.1 ஆம்பியர்கூட இல்லை. அளவில் கவலை இல்லை. நொறுங்கல் பைப்புக்குள்ளும் தொடர்ந்தால் மட்டும் மேலே போகாதீர்கள். பைப்புக்குள் ஷார்ட் ஆக வாய்ப்புள்ள ஒயர் அது. பழையதை இழுத்துப் புதியது போட வேண்டும்.

அலுமினிய ஒயர் தென்பட்டால், அதை நேராகச் செம்போடு முறுக்கக்கூடாது. வெள்ளி நிறத்தில், நகத்தால் கீறினால் பள்ளம் விழும் ஒற்றைக் கம்பி அது. இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் ஆக்சைடு படிந்து இணைப்பு சூடாகும்.

துளை போடுவது

மெயின் அணைந்திருக்க, டிரில் எதில் ஓடும்? சார்ஜ் டிரில் இருந்தால் பிரச்சினையில்லை. இல்லாவிட்டால் சீலிங்கில் உள்ள ஒவ்வொரு முனையிலும் கனெக்டரும் டேப்பும் போட்டு பாக்ஸுக்குள் தள்ளி மூடுங்கள். லைட் லைன் எம்சிபியை அணைத்தே வைத்து, இன்வெர்ட்டரையும் பிளக் உருவியபடியே விட்டு, மெயினைப் போட்டு பவர் லைனில் டிரில்லை ஓட்டுங்கள். அதுவரை பாக்ஸில் உள்ள ஒயர்களை உயிருள்ளவை என்றே எண்ண வேண்டும்.

பழைய துளையும் பேனலின் பின் தட்டுத் துளையும் ஒத்துப்போகாது, புதிதாகத்தான் போட வேண்டும். தட்டை வைத்து பென்சிலில் குறிக்கும் முன் டார்ச் அடித்து பாக்ஸுக்குள் பாருங்கள். பாக்ஸின் சுவரில் பைப் வாய்கள் எந்தெந்தத் திசையில் இருக்கின்றன என்று தெரியும். அந்தத் திசைகளில் துளை போடாதீர்கள். சென்ட்ரிங் பலகை மேல் பாக்ஸை வைத்து, பைப்பைப் பக்கவாட்டில் செருகி, அதன்மேல் காங்கிரீட் கொட்டுவார்கள். எட்டப் போகப்போக பைப் கம்பிகள் மேல் ஏறிவிடும், ஆனால் பாக்ஸை ஒட்டிய ஒரு சாண் தூரத்துக்கு அது தாழ்வாகவே இருக்கும். பிட் பைப்பைத் துளைத்தால் ஒயரும் சேர்ந்து அறுபடும்.

பிட்டில் 40 மில்லிமீட்டரில் டேப் சுற்றி, அதைத் தாண்டாமல் நிறுத்துங்கள். மேல் பூச்சு 6 முதல் 10 மில்லிமீட்டர் இருக்கும். பிளக் அதைக் கடந்து காங்கிரீட்டில் முழுதாக உட்கார வேண்டும். பூச்சில் மட்டும் நிற்கும் பிளக் பேனலோடு பூச்சையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும். 25, 30 மில்லிமீட்டரில் பிட் கீச்சிட்டு இறங்க மறுத்தால் கம்பியில் மோதியிருக்கிறது. அழுத்த வேண்டாம், தட்டை இரண்டு விரல்கடை திருப்பி வேறு இடத்தில் போடுங்கள். முதலில் ஹேமர் இல்லாமல் ஒரு சின்னக் குழி, பிறகு ஹேமர். இல்லாவிட்டால் பூச்சில் பிட் நழுவிக் கோணல் கோடு போட்டுவிடும். காகித டீ கப் ஒன்றின் அடியில் ஓட்டை போட்டு பிட்டில் மாட்டிக்கொண்டால் தூளில் பாதி அதில் விழும். பிளக்கைத் தட்டும் முன் துளையில் தங்கிய தூளை ஊதி வெளியேற்றுங்கள், கண்ணாடி போட்டபடியே.

துளைகளும் பிளக்கும் முடிந்ததும் மறுபடி மெயின் ஆஃப். மறுபடி மீட்டர். சலிப்பாக இருக்கும், இந்த இரண்டாவது சோதனையைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள்.

இணைப்பு

பின் தட்டின் ஒயர் துளை வழியே முனைகளை வெளியே எடுத்து, தட்டை ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். தட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே ஒயர் சிக்காமல் பாருங்கள். லைட் போட்டதும் எம்சிபி ட்ரிப் ஆகிறது என்றால் பெரும்பாலும் தட்டு விளிம்பிலோ ஸ்க்ரூ முனையிலோ ஒயர் நசுங்கியிருக்கும்.

லீவர் கனெக்டருக்கு 11 மில்லிமீட்டர் உரிக்க வேண்டும். கனெக்டரிலேயே அளவு அச்சிட்டிருக்கும். பல இழை கொண்ட பிரி ஒயரை ஈயம் பூசாமல் அப்படியே செருகுங்கள். மூன்று வழி கனெக்டரில் போர்டிலிருந்து வந்த நியூட்ரல், ஃபேனுக்குப் போகும் நியூட்ரல், பேனலின் நியூட்ரல். இரண்டு வழி கனெக்டரில் சுவிட்ச் பேஸும் பேனலின் பேஸும். ஒவ்வொன்றையும் மெல்ல இழுத்துப் பாருங்கள், உருவி வரக்கூடாது. பழைய பாணியில் பீங்கான் கனெக்டர் போடுவதும் தவறில்லை. பேனலின் ஒயர் மெல்லியது என்பதால் உரித்த முனையை இரட்டையாக மடித்துச் செருகினால் ஸ்க்ரூ நன்றாகப் பிடிக்கும். முறுக்கி டேப் சுற்றுவது மட்டும் வேண்டாம். சூட்டில் பசை காய்ந்து டேப் தானாகப் பிரிந்து தொங்குவதை இப்போதுதானே பழைய முடிச்சில் பார்த்தீர்கள்.

சில பேனலில் டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றும் சுற்று) தனிப் பெட்டியாக வரும். அதைச் சீலிங் பாக்ஸுக்குள் திணித்து மூடாதீர்கள். காற்றோட்டமில்லாத இடத்தில் டிரைவரின் கெப்பாசிட்டர் சீக்கிரம் உலர்ந்து போகும். எல்இடி லைட் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுவதில் பெரும்பங்கு டிரைவர் கெட்டதுதான். பேனலின் உட்குழியில் அதற்கு இடம் இருக்கும். கனெக்டர்கள் பாக்ஸுக்குள், டிரைவர் பேனலுக்குள். பிறகு பேனலைத் தட்டில் பொருத்தி, சொடுக்குச் சத்தம் கேட்கும்வரை திருப்பி, கையால் அசைத்துப் பாருங்கள்.

போட்டுப் பார்ப்பது

ஏணியை எடுத்துவிட்டு, லைட் சுவிட்ச் ஆஃப் நிலையில் முதலில் மெயின், பிறகு லைட் லைன் எம்சிபி. ட்ரிப் ஆகவில்லையென்றால் லைட் சுவிட்ச். பிறகு ஃபேன், பக்கத்து அறை லைட். அவை ஓடுகின்றனவா என்று பார்த்தால் நியூட்ரல் லூப் சரியா என்று தெரிந்துவிடும். கடைசியில் இன்வெர்ட்டரைச் செருகி, மெயினை ஒருமுறை அணைத்து இன்வெர்ட்டரில் லைட் எரிவதைப் பாருங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் சில பேனல் லேசாக இரையும். பேட்டரியில் மட்டும் இரைந்து ஈபியில் அமைதியாக இருந்தால் ஒயரிங்கைச் சந்தேகிக்க வேண்டாம்.

எம்சிபி ட்ரிப் ஆகாமல் ஆர்சிசிபி மட்டும் ட்ரிப் ஆனால் எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது அல்லது நைந்த ஒயர் ஈரச் சீலிங்கைத் தொடுகிறது. மேல்தளத்தில் மழை நீர் இறங்கும் வீட்டில் ஐப்பசி கார்த்திகையில் இது சகஜம். பாக்ஸுக்குள் ஈரம் தெரிந்தால் தளத்தைச் சரி செய்யாமல் புது பேனல் மாட்டிப் பயனில்லை. ஆர்சிசிபி இருக்கிறதே என்று தைரியமாக ஏறுவதும் சரியல்ல. அது தரைக்குப் போகும் கசிவை மட்டுமே பிடிக்கும். ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தால் நீங்கள் பல்பா மனிதரா என்று அதற்குத் தெரியாது.

சுவிட்சை அணைத்த பிறகும் பேனல் மங்கலாக எரிந்தால், சுவிட்சில் சிவப்பு இண்டிகேட்டர் விளக்கு இருக்கிறதா பாருங்கள். அதன் வழியே கசியும் சொற்ப மின்னோட்டம் டிரைவரின் கெப்பாசிட்டரை நிரப்பி, மினுக் மினுக்கென்று எரிய வைக்கும். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்ச் மாற்றினால் நின்றுவிடும். இண்டிகேட்டரும் இல்லை, சுவிட்சும் பேஸில்தான் இருக்கிறது, ஆனாலும் மங்கல் வெளிச்சம் என்றால் பைப்பில் பக்கத்து ஒயரின் தூண்டல். மாடிப்படி டூவே சுவிட்ச் லைனில் இது அதிகம். பேனலின் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 வகைக் கெப்பாசிட்டர் ஒன்றை இணைத்தால் போய்விடும். எக்ஸ்2 என்ற குறி கட்டாயம் வேண்டும்; சாதாரணக் கெப்பாசிட்டர் நேரடி மெயின்ஸில் கெட்டால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். பழைய டிம்மர் அந்த லைனில் இருந்தால் எடுத்துவிட்டு வெறும் சுவிட்ச் போட்டுவிடுங்கள்.

கழற்றிய சிஎஃப்எல் பல்புகளில் பாதரசம் உண்டு. உடைக்காமல் புது பேனல் வந்த பெட்டியிலேயே வைத்து மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். பித்தளை ஹோல்டரைப் பழைய இரும்புக் கடையில் தனியாக எடை போடுவார்கள். டிபி பாக்ஸ் கதவின் உட்பக்கம் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: ஹால் சீலிங் லைட் எந்த எம்சிபி, இன்வெர்ட்டர் லைனா இல்லையா, ஃபேன் நியூட்ரல் லூப் இந்தப் பாக்ஸில் இருக்கிறது, பைப் எந்தத் திசைகளில் போகிறது என்று. அடுத்த முறை ஏறுபவருக்கு இவை தேவைப்படும்.